உப்புக்காற்று ஊர்களில் பழைய படப்பாட்டு இசைத்தட்டு: கழுவி, கணினியில் இறக்கி, மறுபதிப்போடு ஒத்துப் பார்ப்பது வரை

பழைய படப்பாட்டு ஒன்றின் மெருகேற்றிய மறுபதிப்பு வருகிறது என்றால் சேகரிப்பவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. எனக்கும் அப்படித்தான். ஆனால் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று இந்த ராமநாதபுரம் கரையோரத்தில் நான் போய் உட்கார்ந்த வீடுகளில் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, மறுபதிப்பு கைக்கு வந்ததும் பழைய தட்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, கழுவாத தட்டை அப்படியே ஓட்டிப் பதிவுசெய்து, இரைச்சலைக் கணினியில் வழித்தெடுத்து, அதையே மறுபதிப்பு என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் கழுவ வேண்டும். பிறகு இறக்க வேண்டும். அதன்பிறகு மறுபதிப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும். பழுது நீக்குவது கடைசி. வரிசை மாறினால் நடந்த சேதத்தைத் திருப்ப முடியாது. உப்போடு ஓட்டிய தடத்தில் விழுந்த கீறல் பிறகு எத்தனை முறை கழுவினாலும் போகாது. இரைச்சலோடு வழித்தெடுத்த குரலும் திரும்பி வராது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, ஊசியின் எடையைக் கூட்டிக் குறைக்க முடிகிற ஒரு சுழல்மேடை. ஊசியைத் தாங்கும் கையின் பின்பக்கம் திருகும் எடைக்கட்டி இருந்தால் போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பெட்டி வடிவில் வரும் மலிவான பிளேயர்கள் பலவற்றில் ஊசி 5 கிராம் வரை அழுத்தும், அதைக் குறைக்க வழியும் இருக்காது. மறுபதிப்பைக் கேட்க அது போதும் என்று நினைப்பவர்கள்கூட அதில் பழைய தட்டை வைக்க வேண்டாம்.

ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் எம்.எம். (நகரும் காந்தம்) வகை காட்ரிட்ஜ், அந்த மெல்லிய ஒலியைப் பெருக்கும் ஒரு ஃபோனோ பிரீஆம்ப், அதைக் கணினிக்குள் கொடுக்கும் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினி ஆகியவை அடுத்த தேவை. மென்பொருளுக்குச் செலவே இல்லை, ஒலியைப் பதிந்து திருத்த இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும். ஊசியின் எடையைப் பார்க்க நூறில் ஒரு கிராம் வரை காட்டும் குட்டித் தராசு வேண்டும். அதை வாங்காமல் கண்மதிப்பில் எடை வைப்பவர்கள் அதிகம். அப்படி வைத்தவற்றை நான் அளந்து பார்த்தபோது பெரும்பாலும் தப்பாகத்தான் இருந்தது.

கழுவுவதற்கு டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் ஒன்று, மெல்லிய மயிர் உள்ள இரண்டு பிரஷ், பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் துணி, சமையலறையில் தட்டு அடுக்கும் கம்பி ஸ்டாண்டு, ஒரு டார்ச். டிஸ்டில்டு வாட்டரை நம் ஊரில் பேட்டரிக் கடையில் கேட்பதுதான் வழக்கம். அங்கே பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரிக் கேனில்தான் இருக்கும். மேலே ஒட்டிய தாளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். கழுவும் சாமான்களை முதலில் வாங்குங்கள், ஏனென்றால் தட்டைத் தின்றுகொண்டிருப்பது உப்பு. சுழல்மேடை அடுத்த மாதம் வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

2. தட்டு எந்த வகை என்று முடிவு செய்தல்

இதைத் தாண்டிப் போகவே கூடாது. அரக்குத் தட்டுக்கும் வினைல் தட்டுக்கும் கழுவும் முறை வேறு, ஊசி வேறு, எடை வேறு.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் 10 அங்குலத் தட்டு பெரும்பாலும் அரக்கு. கையில் எடுத்தால் கனக்கும், விளிம்பில் நகத்தால் சுண்டினால் ஓடு மாதிரிச் சத்தம் வரும், வளைக்கப் பார்த்தால் உடைந்துவிடும். பக்கத்துக்கு மூன்று நிமிடத்தைச் சுற்றித்தான் பாட்டு இருக்கும். 7 அங்குல இ.பி. 45 சுற்று, 12 அங்குல எல்.பி. 33⅓ சுற்று. இவை இரண்டும் வினைல். வினைல் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், சுண்டினால் மந்தமான சத்தம்தான் வரும்.

அடுத்து, பாட்டு முடிந்த பிறகு லேபிளைச் சுற்றி வெறுமையாக இருக்கும் வட்டத்தை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் எண்ணை நோட்டில் எழுதுங்கள். லேபிளில் அச்சாகியிருக்கும் எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரே பாட்டு இ.பி.யிலும் எல்.பி.யிலும் வேறு வேறு வார்ப்பில் வந்திருக்கும். பிறகு மறுபதிப்போடு ஒத்துப் பார்க்கும்போது எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று தெரிவது இந்த எண்ணால்தான்.

லேபிளில் ஆண்டு அச்சாகாத தட்டுகள் உண்டு. அப்போது பெயர்கள் கைகொடுக்கும். இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று இருவர் பெயரும் சேர்ந்து இருந்தால் அந்தப் பாட்டு அவர்கள் பிரிந்த 1965ஐ ஒட்டியோ அதற்கு முன்போ பதிவானது. தட்டு அச்சான ஆண்டு அதற்குப் பிந்தியதாகவும் இருக்கலாம், பிற்கால வார்ப்புகள் நிறைய வந்தன. ஆகவே பாட்டின் வயதையும் தட்டின் வயதையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. உப்பா, பூஞ்சையா?

இந்தக் கரைக்கே உரிய படி இது. மதுரைக்காரருக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம்.

கீழக்கரையில் மைக் செட் வைத்திருந்த ஒரு காக்காவின் (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) வீட்டில் தகரப் பெட்டி நிறைய இ.பி.க்கள் இருந்தன. கல்யாணம், கந்தூரி என்று இருபது வருடம் ஊர் ஊராகச் சுற்றியவை. உறை போனவற்றுக்குச் செய்தித்தாளில் உறை மடித்துப் போட்டிருந்தார். ஒன்றை உருவி டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தேன். விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குத் தடம் முழுக்கச் சர்க்கரைப் பொடி தூவிய மாதிரி மினுங்கியது. "ஒரு தரம் ஓட்டிப் பாத்துட்டுக் கழுவலாமே தம்பி, பாட்டு இருக்கான்னு தெரியணும்ல?" என்றார். "கழுவாம ஊசி வைக்காதீங்க காக்கா, அது மணல்ல சைக்கிள் ஓட்டுற மாதிரி" என்றேன். மனசில்லாமல்தான் பெட்டியை மூடினார்.

உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே கசிந்து நீராகும், குறைந்தால் மறுபடி படிகமாகும். நம் கரையில் இது அடிக்கடி நடக்கிறது. அதனால் உப்பு தடத்துக்குள் ஊறி, உள்ளேயே இறுகிக்கொள்கிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் அது போகாது, தடத்தின் சுவரில்தான் உரசும்.

பூஞ்சை வேறு மாதிரி இருக்கும். வட்ட வட்டமாக, பால் தெளித்த மாதிரி அல்லது சிலந்தி நூல் மாதிரிப் படர்ந்திருக்கும். உறையை முகர்ந்தால் நெடி அடிக்கும். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டுப் பாருங்கள். உப்பு என்றால் உடனே கரையும், பூஞ்சை அசையாது.

பூஞ்சைத் தட்டைத் தொடும்போது முகக்கவசம் கட்டாயம். வீட்டுக்குள் வைத்துத் தட்டவே கூடாது, மற்ற உறைகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை பிடித்த உள்ளுறையைத் தூக்கிப் போடுங்கள். படம் அச்சான வெளியட்டையை மட்டும் நிழலில் உலர்த்தித் தனியாக வையுங்கள். தட்டை வெயிலில் காட்டவே கூடாது. நம் ஊர் மதிய வெயிலுக்கு வினைல் அப்பளமாகிவிடும்.

4. கழுவுதல்

நேரம் பார்த்துத் தொடங்குங்கள். காலை ஒன்பது மணிக்குள் கழுவி உள்ளே எடுத்துவிட வேண்டும், கடற்காற்று அதற்குப் பிறகுதான் எழும்பும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியிலும், வடகடல் (பாக் நீரிணை) பக்கம் வாடை வீசும் கார்த்திகை மார்கழியிலும் திறந்த திண்ணையில் கழுவினால் ஒரு கையால் உப்பை எடுத்து மறு கையால் பூசுகிற கதைதான்.

குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். எங்கள் தெரு ஆழ்துளைத் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தபோது 1,800க்கு மேல் காட்டியது. குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவே லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான். காவிரித் தண்ணீர் வரும் தெருவாக இருந்தாலும், கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் உலரும்போது அதிலிருக்கும் உப்பெல்லாம் தடத்தில்தான் தங்கும்.

வினைல் தட்டுக்கு: முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தடத்தின் போக்கிலேயே சுற்றித் தூசியை எடுங்கள். தூசியோடு நனைத்தால் சேறாகி உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். லேபிளின் மேல் சரியாகப் பொருந்துகிற ஒரு பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் பிடியுங்கள். லேபிள் நனைந்தால் மை கலையும், பிறகு தட்டின் எண்ணே படிக்க வராது. 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் வாசனை இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். அதை நனைத்து இரண்டு நிமிடம் ஊறவிட்டு, இரண்டாவது பிரஷ்ஷால் தடத்தின் போக்கில் பத்துச் சுற்று தேயுங்கள், குறுக்கே தேய்க்க வேண்டாம். பிறகு சோப்பில்லாத டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசுங்கள். ஒரு முறை அலசிவிட்டு விடுகிறவர்கள்தான் அதிகம். மிஞ்சிய சோப்பு ஊசி நுனியில் பிசுக்காக ஒட்டி, பாட்டின் நடுவில் ஒலியை மங்கச் செய்யும்.

அரக்குத் தட்டுக்கு: ஸ்பிரிட், ஆல்கஹால், ஐசோபுரொபைல், கைகழுவும் சானிடைசர் எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி என்னிடம் கொண்டுவந்த 78 தட்டில் பாதிப் பக்கம் தடமே இல்லை. மருந்துக் கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்திருக்கிறான். பஞ்சு கறுப்பாக வர வர அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறான். கறுப்பாக வந்தது அழுக்கல்ல, தட்டேதான். அவனுடைய பாட்டியார் வைத்திருந்த தட்டு அது. என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அரக்கை ஊறவும் விடக் கூடாது. ஈரத்துணியால் தடத்தின் போக்கில் துடைத்து, இன்னொரு துணியில் டிஸ்டில்டு வாட்டர் நனைத்து மறுபடி துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். விரிசல் இருந்தால் ஈரம் உள்ளே இறங்கும். அப்படிப்பட்ட தட்டை உலர்ந்த பிரஷ்ஷோடு விட்டுவிடுங்கள்.

கழுவிய தட்டைக் கம்பி ஸ்டாண்டில் நிற்க வைத்து, கடல் பார்த்த ஜன்னலைச் சாத்திய அறையில் உலர்த்துங்கள். குறைந்தது நான்கு மணி நேரம். மின்விசிறி வேண்டாம், தரைத் தூசியெல்லாம் ஈரத் தடத்தில் போய் உட்காரும். உலர்ந்ததும் புது உள்ளுறை. கழுவிய தட்டைப் பழைய உறைக்குள் திரும்பச் செருகினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

5. ஊசி, எடை, வேகம்

78 தட்டின் தடம் அகலமானது. அதற்கு 3 மில், அதாவது சுமார் 75 மைக்ரான் நுனியுள்ள ஊசி வேண்டும். மோனோ எல்.பி., இ.பி.க்கு 1 மில், ஸ்டீரியோவுக்கு 0.7 மில். எல்.பி. ஊசியை 78 தட்டில் வைத்தால் அது தடத்தின் அடியில் போய்ச் சுரண்டும். இரைச்சல்தான் வரும், பாட்டு வராது. அதைக் கேட்டுவிட்டுத் தட்டு கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மாற்று ஊசி இன்னொரு வகையிலும் உதவும். மைக் செட்டில் கனமான ஊசியில் ஆயிரம் முறை ஓடிய இ.பி.யின் தடத்தில் ஒரு குறிப்பிட்ட உயரம் மட்டும் தேய்ந்திருக்கும். 0.7 மில் ஊசியில் கரகரக்கும் பாட்டு 1 மில் ஊசியில் தேயாத சுவரைத் தொட்டுத் தெளிவாக வருவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டையும் வைத்துப் பார்க்காமல் தட்டைக் கைவிட வேண்டாம்.

எடையை காட்ரிட்ஜ்காரர் சொன்ன அளவிலேயே வையுங்கள், வினைலுக்குப் பெரும்பாலும் 2 கிராமைச் சுற்றி இருக்கும். குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தப்பு. எடை போதாத ஊசி தடத்துக்குள் துள்ளும், துள்ளி விழுகிற இடத்தில் சுவரைக் கொத்தும்.

வேகத்தைப் பார்க்கக் கருவி வேண்டாம். தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். 33⅓ என்றால் 100 சுற்றுக்குச் சரியாக 180 நொடி. 45 என்றால் 3 நிமிடத்தில் 135 சுற்று. 100 சுற்று 175 நொடியிலேயே முடிந்தால் பாட்டு அரைச்சுரத்தில் பாதி அளவுக்குச் சுருதி ஏறி ஒலிக்கும். இதைச் சரிபார்க்காமல் இறக்கிவிட்டு, மறுபதிப்பில் சுருதியை இறக்கிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. தப்பு அவர்கள் வீட்டு மேடையில் இருந்தது.

மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டி இறக்காதீர்கள். பழைய மேடைகள் பலவற்றின் மோட்டார் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துத்தான் சுற்றும். இன்வெர்ட்டர் அதைப் பிசகாமல் தரும் என்று சொல்ல முடியாது. அதன் ரீங்காரமும் ஒலியில் ஏறும்.

6. கணினியில் இறக்குதல்

பிரீஆம்பில் ஆர்.ஐ.ஏ.ஏ. சமன் இருக்க வேண்டும். தட்டு வெட்டும்போது கீழொலியைக் குறைத்தும் மேலொலியைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். அதைத் திருப்பிச் சமன்படுத்துவது பிரீஆம்பின் வேலை. அது இல்லாமல் நேரே கணினியில் செருகினால் தகர டப்பாவில் பாடுகிற மாதிரி இருக்கும்.

வயர் முனைகளை ஒவ்வொரு முறையும் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூக்கும், ஒரு பக்க ஒலி போய்ப் போய் வரும். காண்டாக்ட் கிளீனர் ஒரு அடி அடித்துத் துடைத்தால் சரியாகும். தரையிணைப்பு வயரை பிரீஆம்பில் முறுக்கிவிட்டீர்களா என்றும் பாருங்கள். ம்ம்ம் என்ற ரீங்காரத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 எம்.பி. பிடிக்கும், 40 நிமிட எல்.பி.க்கு 1.4 ஜி.பி. ஆகும். இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். கீறலும் தூசியும் எழுப்பும் ‘டப்’ என்ற பொட்டுச் சத்தங்கள் மிகக் குறுகியவை. விவரம் அதிகமாக இருந்தால்தான் பின்னால் அவற்றைப் பாட்டிலிருந்து பிரித்தெடுக்க வரும்.

பாட்டின் உச்சமான இடத்தை முதலில் ஓட்டி, மீட்டர் -6 டெசிபெலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். உச்சம் வெட்டுப்பட்டால் மீட்க வழியே இல்லை. மோனோ தட்டாக இருந்தாலும் ஸ்டீரியோவிலேயே பதியுங்கள், தடத்தின் இரு சுவரும் தனித்தனியாகக் கிடைக்கும்.

ஊசி தட்டில் இறங்கும் சத்தத்திலிருந்து, பாட்டு முடிந்து வெற்றுத் தடத்தில் ஊசி ஓடும் பத்து நொடி வரை ஒரு பக்கத்தை முழுசாகப் பதியுங்கள். அந்தப் பத்து நொடியைத் தேவையில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். எட்டாவது படியில் இரைச்சலின் மாதிரி எடுக்க அதுதான் வேண்டும்.

பதியும்போது ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். அதிர்வு மேடை வழியாக ஊசிக்குத் திரும்பும். கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். பதிந்த கோப்புக்கு முன்னால் எழுதிவைத்த எண்ணையும், பக்கத்தையும், தேதியையும், ஊசியின் அளவையும் பெயராக வையுங்கள். இந்த மூலக் கோப்பின் மேல் எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது. திருத்துவதெல்லாம் நகலில்தான்.

7. மறுபதிப்போடு ஒத்துப் பார்த்தல்

எனக்கு மிகப் பிடித்த வேலை இது. அவசரப்பட்டால் தப்பான தீர்ப்புக்குப் போய்விடும் வேலையும் இதுதான்.

முதலில் இரண்டின் ஒலி அளவையும் சமமாக்குங்கள். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் எப்போதும் காதுக்கு நன்றாக இருக்கும். பல மறுபதிப்புகள் நம் தட்டைவிட உரக்க இருக்கும், அதனால் மட்டுமே தெளிவு என்று நினைக்கிறோம். அளவைச் சமப்படுத்திய பிறகு பாதிப் பேருடைய கருத்து மாறிவிடும்.

அடுத்தது நீளமும் சுருதியும். ஒரே பாட்டு ஒன்றில் 3 நிமிடம் 20 நொடியும் மற்றதில் 3 நிமிடம் 12 நொடியுமாக இருந்தால், வேகம் மாறியிருக்க வேண்டும் அல்லது எங்கோ வெட்டியிருக்க வேண்டும். பல்லவி தொடங்கும் இடத்தையும் கடைசிச் சரணம் முடியும் இடத்தையும் குறித்துக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் பாட்டு முழுக்க ஒரே விகிதத்தில் பரவியிருந்தால் அது வேகம். ஒரே இடத்தில் குதித்தால் அது வெட்டு. முன்னிசையில் நாலு சுற்று குறைந்திருப்பது, இரண்டாவது இடையிசை பாதியாக இருப்பது எல்லாம் இப்படித்தான் பிடிபடும்.

பிறகு காதை மௌனங்களில் வையுங்கள். பாடகர் மூச்செடுக்கும் இடம், வீணை மீட்டு ஓய்ந்த இடம், தபேலாவின் கடைசி அடி மறையும் இடம். நல்ல மெருகேற்றலில் அங்கே மெல்லிய இரைச்சல் ஒரே சீராக இருக்கும். அளவு மீறி வழித்திருந்தால் குரல் நின்றதும் பின்னணி சட்டென்று செத்து, குரல் வந்ததும் உயிர்க்கும். தபேலாவின் கும்காரம் கத்தரித்த மாதிரி நிற்கும். புல்லாங்குழலில் காற்று போய்விடும், சுரம் மட்டும் இருக்கும். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் நீரில் நனைந்த மாதிரிக் கேட்கும்.

ஸ்டீரியோ என்று போட்டிருந்தால் கவனம். தமிழ்த் திரைப்பாட்டு 1970களின் பிற்பகுதி வரை மோனோதான். அதற்கு முந்திய பாட்டு இடம் வலமாகப் பிரிந்து கேட்டால், கீழொலியை ஒரு பக்கமும் மேலொலியை மறு பக்கமும் தள்ளியிருக்கலாம், செயற்கை எதிரொலி சேர்த்திருக்கலாம், இப்போது வந்த பிரிக்கும் மென்பொருளை வைத்துக் குரலையும் வாத்தியத்தையும் பிரித்து அடுக்கியிருக்கலாம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து மோனோவாக்கிக் கேளுங்கள். குரல் மெலிந்தோ குகைக்குள்ளிருந்து வருவது போலவோ ஆனால் அது செயற்கை. புதுத் தாளவாத்தியம் சேர்த்த பதிப்புகளை நான் மறுபதிப்புக் கணக்கில் வைப்பதே இல்லை. அது வேறு பாட்டு.

மூலம் எது என்பதும் காதுக்குத் தெரியும். ஒலிநாடாவிலிருந்து எடுத்ததில் பொட்டுச் சத்தமே இருக்காது, சீறல் மட்டும் இருக்கும். தட்டிலிருந்து எடுத்ததில், எவ்வளவு துடைத்திருந்தாலும், பக்கத்தின் கடைசிப் பாட்டில் குரல் கொஞ்சம் பிசிறும். லேபிளை நெருங்க நெருங்கத் தடம் சுருங்குவதால் வருவது அது. படச்சுருளின் ஒலித்தடத்திலிருந்து எடுத்ததில் மேலொலி 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மங்கிவிடும், சில சமயம் காட்சியின் சத்தமும் கூடவே வரும். படத்தில் தணிக்கைக்காகச் சொல் மாறி, தட்டில் பழைய சொல்லே நின்ற பாட்டுகளும் உண்டு. ஆகவே வரிகளையும் எழுதிப் பாருங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு மறுபதிப்புதான் நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் மனநிறைவோடு வாங்குங்கள். மூல நாடா கிடைத்து, அக்கறையோடு செய்த மறுபதிப்பை நம் வீட்டு ஊசி எட்ட முடியாது. முதல் தடவை அப்படி ஒன்றைக் கேட்டபோது, நாற்பது வருடமாகக் கேட்ட பாட்டில் குரலுக்குப் பின்னால் ஒரு வயலின் வரிசை இருக்கிறது என்று தெரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாட்டுக்கு நான் பழுது நீக்கவே இல்லை, என் மூலக் கோப்பு பத்திரமாக இருக்கிறது. மறுபதிப்பு வராத பாட்டுகளுக்கும் கெடுத்து வந்த பாட்டுகளுக்கும்தான் அடுத்த படி.

8. பழுது நீக்குதல்

மோனோ தட்டு என்றால் முதலில் இரு பக்கத்தையும் சேர்த்து மோனோவாக்குங்கள். இரு சுவரிலும் பொதுவாக இருப்பது பாட்டு, தனித்தனியாக இருப்பது அழுக்குச் சத்தம். சேர்த்தாலே மேற்பரப்பு இரைச்சல் சுமார் 3 டெசிபெல் குறையும், பாட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. ஒரு சுவர் மட்டும் மோசமாகத் தேய்ந்திருந்தால் நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெரிய பொட்டுச் சத்தங்கள், ஒவ்வொன்றாகக் கையால். ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பார்த்தால் அலையில் முள் மாதிரி நிற்கும். அதை மட்டும் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’ கொடுங்கள். ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரைதான் ஏற்கும், 96 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு மில்லிநொடிக்குச் சற்று மேல். ஒரு பாட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். பெரியவை போன பிறகு தானியங்கி ‘கிளிக் ரிமூவல்’ லேசாக. அதை முதலிலேயே பலமாகக் கொடுத்தால் தபேலாவின் நுனி அடியையும் கஞ்சிராவின் சலங்கையையும் பொட்டு என்று நினைத்து மழுக்கிவிடும்.

இரைச்சல் குறைப்பது அதற்கும் பிறகு. பொட்டு இருக்கும்போதே இரைச்சலைக் குறைத்தால் ஒவ்வொரு பொட்டும் நீண்டு மெழுகிவிடும், பிறகு அதைத் தனியாகப் பிடிக்க முடியாது. வெற்றுத் தடத்தின் பத்து நொடியை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபெலில் தொடங்குங்கள். 12ஐத் தாண்டாதீர்கள்.

அந்தக் கட்டத்தில் ‘ரெசிட்யூ’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. நீக்கப்போகும் ஒலியை மட்டும் தனியாகக் கேட்க அது உதவும். அதில் வெறும் சீறல் கேட்டால் சரி. பாடகரின் குரலோ, ஒரு சுரமோ அங்கே மெல்லக் கேட்டால் பாட்டைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள், உடனே குறையுங்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். காட்டிய பிறகு யாரும் அளவு மீறுவதில்லை.

பாம்பனில் ஒருவர் தன் வீட்டுக் கதை வசனத் தட்டுகளை வெளியூரில் காசு கொடுத்து மெருகேற்றி வாங்கிவந்தார். இரைச்சல் துளியும் இல்லை. வசனத்துக்குப் பின்னால் ஓடும் மழைச் சத்தமும் இல்லை, மழையை இரைச்சல் என்று வழித்துவிட்டார்கள். மூலக் கோப்பையும் அவர்கள் வைத்திருக்கவில்லை. நல்லவேளை, தட்டு திரும்பி வந்தது, மறுபடி இறக்கினோம். யாரிடம் கொடுத்தாலும் மூலக் கோப்பைத் திருத்தாமல் தர வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கீழொலி மேலொலி கூட்டல் குறைத்தல் கடைசி, அதுவும் 2 டெசிபெலுக்குள். ஒரு நாள் கழித்துக் காலையில் புதுக் காதோடு கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

9. சேமிப்பும் பராமரிப்பும்

மூலக் கோப்பையும் திருத்திய கோப்பையும் ஃப்ளாக் வடிவில் வையுங்கள். தரம் குறையாமல் இடம் குறையும். எம்.பி.3 கைப்பேசிக்கு மட்டும். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று கரையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். என்னுடைய மூன்றாவது பிரதி பரமக்குடியில் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஹார்ட் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

நீங்கள் இறக்கியதை உங்கள் கேட்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் ஏற்ற வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை தனி, அது எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்த பிறகும் 60 ஆண்டு நீளும். தட்டு பழசு என்பதால் எல்லாம் பொதுச்சொத்து ஆகிவிடாது.

தட்டுகளை நிற்க வைத்து அடுக்குங்கள். படுக்க வைத்தால் அடியில் இருப்பது வளையும், உறையின் சுருக்கம் தடத்தில் பதியும். கடல் பார்த்த சுவரோடு ஒட்டி அலமாரி வேண்டாம், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருக்கட்டும். அலமாரிக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை வையுங்கள், நீலம் இளஞ்சிவப்பானால் சூடாக்கி ஈரம் போக்கி மறுபடி வைக்கலாம். பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. பளபளப்பான பி.வி.சி. உறையையும் தவிர்த்து, மெல்லிய பாலிதீன் உள்ளுறை போடுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை அலமாரியைத் தேவையில்லாமல் திறக்க வேண்டாம். தை பிறந்து வெயில் நிலைத்ததும் ஒரு காலை நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு தட்டையும் உருவி டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் மினுக்கம் தெரிந்தால் அந்தத் தட்டை மட்டும் தனியே எடுத்து, நான்காவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.